ஏபி ஃபிசிக்ஸில் வந்த 2-ஐக் கல்லூரிக்குச் சொல்லியே ஆக வேண்டுமா?

மகளுக்கு ஐந்து ஏபி மதிப்பெண்கள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்களுக்கான தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண்) இருக்கின்றன, அதில் ஒன்று 2, அதை விண்ணப்பத்தில் போடாமல் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தபோது உள்ளே மூன்று கேள்விகள் இருப்பது தெரிந்தது. போடாமல் விட்டால் அது பொய் சொன்னதாகுமா? விட்டாலும் கல்லூரிக்கு வேறு வழியில் தெரிந்து, நண்பர் பயமுறுத்தியதுபோல் பிடித்துவிடுவார்களா? அவர் சொன்னபடி, அந்தத் தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டுக்கு எழுதிக் கொடுத்து அந்த 2-ஐ அடியோடு ரத்து செய்துவிடலாமா? மூன்றுக்கும் பதில் வேறு வேறு. மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுவதால்தான் வாட்ஸ்அப் குழுக்களில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக உங்கள் விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸ் அரசுப் பள்ளியில் மகள் இப்போது 12-ம் வகுப்பு. 10-ம் வகுப்பில், 2024 மே மாதம், ஃபிசிக்ஸ் 1 எழுதி 2 வாங்கினாள். 2025 மே மாதம் கால்குலஸ் பிசி என்ற கணக்குப் பாடத்தில் 5, ஆங்கில மொழியில் 4, அமெரிக்க வரலாற்றில் 4, வேதியியலில் 3. கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான எஸ்ஏடியில் 1510. விண்ணப்பிக்கப் போவது டெக்சாஸின் அரசுப் பல்கலைக்கழகங்களான யூடி ஆஸ்டின், டெக்சாஸ் ஏ அண்ட் எம், கலிஃபோர்னியாவின் பெர்க்லி, தனியார் பல்கலைக்கழகமான யேல். போன ஜூனில் "இலவசம்தானே" என்று யூடி ஆஸ்டினுக்கு மதிப்பெண்ணை அனுப்பியும் விட்டீர்கள்.

நான் நியூ ஜெர்சியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 17 ஆண்டுகளாகக் கவுன்சிலர், அதாவது கல்லூரி விண்ணப்பங்களில் மாணவர்களுக்கு வழிகாட்டுபவன். அதற்கு முன் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை. விண்ணப்பம் அனுப்பும் பக்கம் எனக்கு அத்துப்படி. அதைப் பிரித்துப் படிக்கும் மேஜையின் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததில்லை. ஆகவே விதிகளைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். ஓர் அதிகாரி மனதில் என்ன ஓடும் என்று சொல்லும் இடங்களில் அது என் ஊகம் என்பதையும் சொல்லிவிடுவேன்.

முதலில் உறுதியான விஷயம். ஏபி மதிப்பெண் கல்லூரிக்குப் போக இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் வெவ்வேறு காலத்தில் நடப்பவை. ஒன்று, விண்ணப்பிக்கும்போது மாணவரே தன் கையால் படிவத்தில் நிரப்புவது. இன்னொன்று, காலேஜ் போர்டு நேரடியாகக் கல்லூரிக்கு அனுப்பும் அதிகாரபூர்வ அறிக்கை. பெரும்பாலான கல்லூரிகள் அட்மிஷன் முடிவெடுக்க முதலாவதையே போதும் என்று எடுத்துக்கொள்கின்றன. இரண்டாவது, இடம் கிடைத்து அங்கேதான் சேரப் போகிறோம் என்று முடிவான பிறகு, கிரெடிட் (அந்தப் பாடத்தைக் கல்லூரியில் படித்து முடித்ததாகத் தரும் கணக்கு) வாங்குவதற்காகப் போவது. எஸ்ஏடி உலகத்தில் வளர்ந்த கவலைகளை ஏபிக்கும் அப்படியே தூக்கி வந்துவிடுகிறோம். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் படிவத்தைத் திறந்து தேர்வுகள் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை ஏபி தேர்வு எழுதினாய் என்று அது கேட்பதில்லை. இனி எழுதவிருப்பதையும் சேர்த்து எத்தனை ஏபி தேர்வுகளைத் தெரிவிக்க விரும்புகிறாய் என்றுதான் கேட்கிறது. "விரும்புகிறாய்" என்ற அந்தச் சொல்லிலேயே உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நான்கு என்று போட்டு, நான்கு பாடம், தேதி, மதிப்பெண் நிரப்பினால் அது முழு உண்மை. ஐந்தாவதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பொய் எது என்றால் 3-ஐ 4 என்று போடுவது. பின்னால் அதிகாரபூர்வ அறிக்கை வரும்போது இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறக் கல்லூரிக்கு உரிமை உண்டு. அந்த ஒப்புதலில் உங்கள் மகள் கையெழுத்துப் போட்டுத்தான் விண்ணப்பத்தை அனுப்புகிறாள். உங்கள் நண்பர் சொன்ன "பிடித்துவிடுவார்கள், கொடுத்த இடத்தை ரத்து செய்துவிடுவார்கள்" கதை இப்படிப்பட்டவர்களின் கதை. விருப்பம் என்று கேட்ட இடத்தில் சொல்லாமல் விட்டவர்களுக்கு அது பொருந்தாது.

இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. காமன் ஆப் ஒரே படிவம்தான் என்றாலும், ஒரு கல்லூரிக்கு அனுப்பியபின் தேர்வுகள் பகுதியைத் திருத்திவிட்டு அடுத்த கல்லூரிக்கு அனுப்பலாம். ஓரிடத்தில் ஐந்தையும் போட்டு இன்னோரிடத்தில் நான்கை மட்டும் போடுவதில் தவறில்லை. அனுப்புவதற்கு முன் வரும் பிடிஎஃப் முன்னோட்டத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் திறந்து பாருங்கள். பழைய பதிப்பு அப்படியே போய்விட்டது என்று நவம்பர் 2-ம் தேதி காலையில் என் அறை வாசலில் கண்ணீரோடு நிற்கும் பிள்ளை வருஷத்துக்கு ஒன்று உண்டு.

இரண்டாவது கேள்வி, கல்லூரிக்கு வேறு வழியில் தெரியுமா என்பது. காலேஜ் போர்டு அனுப்பும் அறிக்கையில் பிள்ளை இதுவரை எழுதிய எல்லா ஏபி மதிப்பெண்களும் இருக்கும். நாமாகச் சிலதை மட்டும் பொறுக்கி அனுப்ப முடியாது. ஒரே பாடத்தைத் திரும்ப எழுதியிருந்தால் இரண்டு மதிப்பெண்ணும் போகும். ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கு இலவசமாக அனுப்பலாம். அந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க ஜூன் 20 கடைசி நாள். அதற்குப் பிறகு ஓர் அறிக்கைக்கு 15 டாலர். மதிப்பெண் வெளியாவதோ ஜூலையில். கவனித்தீர்களா? இலவசமாக அனுப்ப வேண்டுமானால் என்ன மதிப்பெண் வரப்போகிறது என்று தெரியாமலே அனுப்பச் சொல்ல வேண்டும். இலவசம் என்றால் நாம் விடுவோமா? 10-ம் வகுப்பு, 11-ம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர்கூட ஜூனில் அவசர அவசரமாக ஒரு கல்லூரிப் பெயரை அழுத்திவிடுகிறார்கள். அந்தச் சலுகை உண்மையில் பயன்படுவது 12-ம் வகுப்பு முடிந்த ஜூனில்தான். எந்தக் கல்லூரி என்று அப்போது முடிவாகியிருக்கும். மொத்த மதிப்பெண்ணும் ஒரே தவணையில், காசில்லாமல் போய்ச் சேரும்.

ஆகவே யூடி ஆஸ்டினைப் பொறுத்தவரை அந்த 2 ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போனதைத் திரும்பக் கூப்பிட முடியாது. ஆனால் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். டெக்சாஸ் பிள்ளைகளுக்கு அங்கே முதல் சல்லடை வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதுதான். 2026 இலையுதிர் காலச் சேர்க்கையிலிருந்து பள்ளியில் முதல் 5 சதவீதத்துக்குள் இருப்பவர்களுக்குத் தானாக இடம். அதற்கு முன் 6 சதவீதமாக இருந்தது. டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் முதல் 10 சதவீதம். அந்த இடத்தைத் தீர்மானிப்பது பள்ளிப் பாடத்தில் வாங்கிய கிரேடு. மே மாதத் தேர்வு அந்தக் கணக்கில் வராது. தானாகக் கிடைப்பது பல்கலைக்கழகத்தில் இடம் மட்டும்தான், கேட்ட துறை கிடைக்கும் என்று உத்தரவாதமில்லை. பொறியியல், கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றால் முழு விண்ணப்பத்தையும் படித்துத்தான் முடிவு செய்வார்கள். அங்கேயும் கால்குலஸ் பிசி 5-க்கும் 1510-க்கும் பக்கத்தில் 10-ம் வகுப்பில் வாங்கிய ஒரு 2 பெரிதாக உறுத்தாது என்பது என் கணிப்பு. கணிப்புதான், விதி அல்ல.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ரத்து செய்ய வேண்டாம். காலேஜ் போர்டிடம் இரண்டு வழி இருக்கிறது. ரத்து என்பது நிரந்தரம்: மதிப்பெண் அழிந்துவிடும், பின்னால் அழுதாலும் வராது, தேர்வுக் கட்டணமும் திரும்பாது. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதாலேயே சிலர் அவசரப்படுகிறார்கள். நிறுத்திவைப்பது இன்னொன்று: குறிப்பிட்ட ஒரு மதிப்பெண்ணைக் குறிப்பிட்ட ஒரு கல்லூரிக்குப் போகாமல் தடுப்பது. ஒரு மதிப்பெண்ணுக்கு, ஒரு கல்லூரிக்கு 10 டாலர். பிறகு மனம் மாறினால் தடையை நீக்கச் சொல்லலாம். அந்த ஆண்டின் இலவச அறிக்கையிலேயே மறைக்க வேண்டுமானால் கோரிக்கை ஜூன் 15-க்குள் போய்ச் சேர வேண்டும். அதாவது மதிப்பெண் தெரிவதற்கு முன்பே! தேர்வு அறையில் மயக்கம் போட்டு விழுந்தவர்களுக்கு வேண்டுமானால் அது பயன்படலாம். மற்றவர்கள் ஜூலை வரை பொறுத்து, மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, எங்கே அனுப்பலாம் என்று யோசிப்பதே நல்லது.

ரத்து என்றால் எனக்கு ஏன் இவ்வளவு கசப்பு என்று சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் ஒரு பாடத்தில் 3 வாங்கியிருந்தான். கனவுக் கல்லூரி அதைப் பார்த்தால் என்ன நினைக்கும் என்று அவனும் அவன் அப்பாவும் ரத்துப் படிவத்தோடு வந்தார்கள். அது உங்கள் விருப்பம் என்று சும்மா இருந்துவிட்டேன். கனவுக் கல்லூரி கிடைக்கவில்லை. அவன் சேர்ந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடத்தில் 3-க்கே கிரெடிட் உண்டு. அழித்த மதிப்பெண்ணைக் காட்ட முடியாமல், அதே பாடத்தை ஒரு செமஸ்டர் முழுக்கப் பணம் கட்டி மறுபடி படித்தான். அன்றிலிருந்து அந்தப் படிவத்தோடு யார் வந்தாலும் ஒரு வாரம் கழித்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறேன். பெரும்பாலும் திரும்ப வருவதில்லை.

இதுவரை பொதுவிதி. விதிவிலக்குகளும் உண்டு, உங்கள் பட்டியலிலேயே ஒன்று இருக்கிறது. யேல் 2024 பிப்ரவரியில் புதிய கொள்கை ஒன்றை அறிவித்தது: எஸ்ஏடி, அதைப் போன்ற ஏசிடி, ஏபி, அதைப் போன்ற சர்வதேசப் பாடத்திட்டமான ஐபி இந்த நான்கில் ஏதாவது ஒரு வகை மதிப்பெண் கட்டாயம். ஏபியை வைத்து அந்த நிபந்தனையைப் பூர்த்தி செய்பவர்கள் அதுவரை எழுதிய எல்லா ஏபி மதிப்பெண்களையும் தெரிவிக்க வேண்டும். பொறுக்கிப் போடக் கூடாது. உங்கள் மகளிடம் 1510 இருப்பதால் அதை வைத்தே நிபந்தனையைத் தீர்த்துக்கொள்ளலாம். அப்போது இந்தச் சிக்கல் எழாது. இத்தகைய கொள்கைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. என்னைப் போன்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டாலும், அனுப்பும் நாளன்று அந்தந்தக் கல்லூரியின் அட்மிஷன் பக்கத்தை ஒரு முறை படித்துவிட்டு அனுப்புங்கள்.

பெர்க்லி இன்னொரு உலகம். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகங்களுக்குக் காமன் ஆப் கிடையாது, தனிப் படிவம். எஸ்ஏடியை அவர்கள் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை, அனுப்பினாலும் பயனில்லை. எனவே உங்கள் 1510 அங்கே செல்லாக்காசு. வெளியிலிருந்து வரும் எண் என்று அவர்கள் கண்ணில் படுவது ஏபியும் ஐபியும்தான். அதனால் அங்கே ஏபிக்குச் சற்றுக் கனம் கூடுதல் என்று நினைக்கிறேன். இதிலும் கிரேடுதான் முதலில்: ஏபி பாடத்தில் சி அல்லது அதற்கு மேல் வாங்கினால் அவர்கள் போடும் ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) கணக்கில் கூடுதல் புள்ளி உண்டு, தேர்வில் என்ன வந்தாலும் சரி. வெளிமாநில மாணவர்களுக்கு அந்தக் கூடுதல் புள்ளி ஏபி, ஐபி பாடங்களுக்குத்தான். பள்ளி தன்னிஷ்டத்துக்கு ஆனர்ஸ் என்று பெயர் வைத்த பாடத்துக்குக் கிடையாது. அந்தப் படிவத்தில் எழுதிய தேர்வுகளை அப்படியே போட்டுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. பிசி 5-ஐயும் இரண்டு 4-ஐயும் பார்க்கிற கண் அந்த 2-ஐயும் பார்த்துவிட்டுப் போகட்டும். பட்டியலில் பிரிட்டன் எதுவும் இல்லை என்றாலும் படிப்பவர்களுக்காக ஒரு வரி: அந்நாட்டுப் பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியாக விண்ணப்பிப்பவர்கள் எழுதிய எல்லாத் தகுதித் தேர்வுகளையும் போட வேண்டும். அங்கே "விரும்பினால்" என்ற பேச்சே இல்லை.

சரி, விருப்பம் நம்முடையது என்றால் எதைப் போடுவது, எதை விடுவது? இங்கிருந்து நிலம் கொஞ்சம் ஈரம், பார்த்துக் கால் வைக்க வேண்டும். 5-ஐயும் 4-ஐயும் எங்கும் போடலாம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2-ஐயும் 1-ஐயும், கட்டாயம் இல்லாத இடத்தில், விட்டுவிடலாம். இடையில் நிற்கும் 3 தான் தொல்லை. காலேஜ் போர்டின் பார்வையில் 3 என்றால் தகுதி பெற்றவர் என்று பொருள். அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கும் அதுவே போதும். யேல் போன்ற இடத்துக்கு 3 எதையும் கூட்டாது. குறைக்குமா என்றால் பெரும்பாலும் குறைக்காது. அங்கே அதைப் போட்டு என்ன லாபம் என்றுதான் பார்க்க வேண்டும். ஆனால் பள்ளியையும் பார்க்க வேண்டும். விண்ணப்பத்தோடு நாங்கள் அனுப்பும் ஸ்கூல் புரொஃபைலில் எத்தனை ஏபி பாடங்கள் நடத்துகிறோம் என்று இருக்கும். மாணவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்ற விவரத்தையும் பல பள்ளிகள் சேர்ப்பதுண்டு. வேதியியலில் 3-ஐத் தாண்டியவரே அரிது என்ற பள்ளியிலிருந்து வரும் 3 வேறு. வகுப்பே 5 வாங்கும் பள்ளியிலிருந்து வரும் 3 வேறு. உங்கள் மகள் வேதியியல் அல்லது உயிரியல் துறை கேட்கிறாள் என்றால் யேலுக்கு விட்டுவிடுவேன். வரலாறு கேட்கிறாள் என்றால் போட்டாலும் ஒன்றும் இல்லை.

ஃபிசிக்ஸ் 1-இல் 2 என்பதற்கும் ஒரு பின்கதை உண்டு. பல ஆண்டுகளாக மிக மோசமான மதிப்பெண் வரும் பாடங்களில் அது ஒன்று. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் எழுதியவர்களில் பாதிப்பேர்கூட 3-ஐத் தொடவில்லை. கால்குலஸ் பிசியிலோ எழுதுபவர்களில் 10 பேரில் 4 பேருக்கு மேல் 5 வாங்குகிறார்கள், ஏனென்றால் கணக்கில் ஏற்கெனவே தேறியவர்கள்தான் அதை எழுதவே வருகிறார்கள். அப்புறம், காலேஜ் போர்டு சமீப ஆண்டுகளில் பல பாடங்களின் மதிப்பெண் அளவுகோலை மாற்றியமைத்திருக்கிறது. அமெரிக்க வரலாற்றில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் 2023-இல் பாதிக்கும் கீழே. 2024-இல் 72 சதவீதம். பிள்ளைகள் ஒரே ஆண்டில் அவ்வளவு புத்திசாலிகளாகிவிடவில்லை. 2025-இல் ஃபிசிக்ஸ் 1-க்கும் அதே மாதிரி ஏற்றம் வந்தது. உங்கள் மகள் எழுதியது 2024-இல், பழைய அளவுகோலில். அட்மிஷன் மேஜையில் இருப்பவர் இவ்வளவும் யோசிப்பார் என்று சொல்லவில்லை. வீட்டில் அவளைத் திட்டுவதற்கு முன் நீங்கள் யோசிக்கலாம் என்பதற்காகச் சொன்னேன்.

"பாடத்தில் ஏ வாங்கியிருக்கிறாள், தேர்வு மதிப்பெண் காணோம், மறைக்கிறாள் என்று நினைக்க மாட்டார்களா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். எல்லாரும் கேட்பதுதான். சிலர் நினைக்கலாம். ஆனால் ஒரு தேர்வுக்குக் கட்டணம் 2025-இல் 99 டாலர். பாடத்தைப் படித்துவிட்டுத் தேர்வு எழுதாமல் விடும் பிள்ளைகள் நாடு முழுக்க இருக்கிறார்கள். காலியிடத்துக்கு நூறு காரணம் இருக்கலாம். எழுதப்பட்ட 2-க்கு ஒரே காரணம்தான். கிரேடு ஏ, தேர்வில் 2 என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பள்ளி தாராளமாக மதிப்பெண் போடுகிறது என்ற எண்ணம் வர வாய்ப்புண்டு. நாமே ஏன் அதைத் தட்டில் வைத்து நீட்ட வேண்டும்?

இந்த ஆண்டு அவள் படிக்கும் ஏபி பாடங்களை "எழுதவிருக்கிறேன்" என்று படிவத்தில் போடலாம். அவற்றின் மதிப்பெண் ஜூலையில்தான் வரும். கல்லூரிகள் முடிவு சொல்லி, மே 1-ம் தேதி வாக்கில் நீங்கள் முன்பணமும் கட்டி முடித்திருப்பீர்கள். ஆகவே சேர்க்கைக்கு அவை எண்களாகப் பயன்படாது. கடினமான பாடங்கள் எடுத்திருக்கிறாள் என்பது பள்ளி தரும் பாட, கிரேடுப் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டிலேயே தெரிந்துவிடும். அதற்காகத் தேர்வைச் சும்மா எழுதிவிட்டு வரலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பணமும் காலமும் மிச்சமாவது இந்த மதிப்பெண்களால்தான்.

ஏபி பிறந்ததே அதற்காகத்தான். பள்ளியிலேயே கல்லூரிப் பாடம் படித்த பிள்ளையைக் கல்லூரியில் ஒரு படி மேலே உட்கார வைப்பது என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். 1956-இல் காலேஜ் போர்டு முதன்முதலாக நடத்தியபோது 104 பள்ளிகளிலிருந்து 1,229 பேர் எழுதினார்கள். சேர்க்கைக்கான ஆயுதமாக அது மாறியது பிற்பாடு வந்த வழக்கம். கிரெடிட் விஷயத்தில் கல்லூரிக்குக் கல்லூரி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டெக்சாஸில் 2015-இல் வந்த சட்டப்படி அரசுக் கல்லூரிகள் முதல் கட்டப் பாடங்களுக்குப் பொதுவாக 3-க்கே கிரெடிட் தர வேண்டும். அதற்கு மேல் கேட்பதென்றால் தக்க ஆதாரம் காட்ட வேண்டும். ஆகவே யேலுக்குப் போடாமல் விடச் சொன்ன அந்த வேதியியல் 3, யூடியிலோ ஏ அண்ட் எம்மிலோ காசாகலாம். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகங்களும் 3-லிருந்து கிரெடிட் தருகின்றன. எம்ஐடியில் கால்குலஸ் பிசி 5-க்கு முதல் கால்குலஸ் பாடத்தைத் தாண்டிப் போகலாம். கால்டெக் ஏபிக்குக் கிரெடிட்டே தருவதில்லை. டார்ட்மத் 2014-இல் சேர்ந்தவர்களிலிருந்து கிரெடிட்டை நிறுத்தி, எந்த வகுப்பில் உட்கார்வது என்பதற்கு மட்டும் பார்க்கிறது.

கிரெடிட் கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். யூடி ஆஸ்டினில் மாணவரே கேட்டு வாங்கினால்தான் கிரெடிட் பதிவாகும். அது நல்ல ஏற்பாடு, யோசிக்க நேரம் கிடைக்கும். பொறியியலோ மருத்துவமோ போகும் பிள்ளை, வேதியியல் 3-ஐ நம்பி முதல் வேதியியல் பாடத்தைத் தாண்டிக் குதித்தால் அடுத்த பாடத்தில் அஸ்திவாரம் ஆட்டம் காணும். மருத்துவக் கல்லூரிகள் சில, அடிப்படை அறிவியல் பாடங்களுக்கு ஏபி கிரெடிட்டை ஏற்பதில்லை. மேல்நிலைப் பாடம் எடுத்துக் காட்டச் சொல்கின்றன. பிசி 5-ஐத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆங்கிலத்தில் வந்த 4-ஐயும் வரலாற்றில் வந்த 4-ஐயும் பொதுப்பாடங்களைக் கழிக்க வைத்துக்கொள்ளலாம்.

இடையில் ஒன்று. தமிழில் ஏபி உண்டா என்று கேட்டிருந்தீர்கள், வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியில் எட்டு ஆண்டுகள் படித்தவள் என்று. இல்லை. ஏபி மொழித் தேர்வுகளில் இந்திய மொழி எதுவும் கிடையாது. ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், சீனம், ஜப்பானியம், லத்தீன் மட்டும்தான். அந்த எட்டு ஆண்டுகளைச் செயல்பாடுகள் பகுதியில் போடுங்கள். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு தரும் இருமொழித் தேர்ச்சி முத்திரை பற்றியும் உங்கள் பள்ளியில் விசாரியுங்கள். 2011-இல் கலிஃபோர்னியா சட்டமாக்கித் தொடங்கிவைத்து, பிற மாநிலங்களுக்கும் பரவிய ஏற்பாடு அது. எங்கள் பள்ளியில் தமிழுக்கு வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கடைசியாக, இதையெல்லாம் யோசிப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை. நான்தான் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சில பள்ளிகள் ஏபி மதிப்பெண்களை டிரான்ஸ்கிரிப்டிலேயே அச்சிட்டுவிடுகின்றன. எங்கள் பள்ளியில் அந்த வழக்கம் இல்லை. டெக்சாஸில் உங்கள் மாவட்டம் என்ன செய்கிறது என்று அங்கே கேட்டால்தான் தெரியும். நாளைக் காலை மகளை அவளுடைய கவுன்சிலரிடம் அனுப்பி, டிரான்ஸ்கிரிப்டின் நகல் ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள். அதில் அந்த 2 அச்சாகியிருந்தால், போடலாமா விடலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. பேசாமல் ஐந்தையும் போட்டுவிடலாம். சில பள்ளிகளில் பெற்றோர் எழுதிக் கேட்டால் அந்தப் பத்தியை எடுத்துவிட்டு அச்சிட்டுக் கொடுப்பதும் உண்டு, அதையும் கேட்டுப் பாருங்கள். நகலில் என்ன இருந்தது என்று இங்கேயே எழுதுங்கள், அதற்கேற்றபடி மேலே சொல்கிறேன்.